ஏழைப் பாட்டனாரின் பெயர்

இவ்வாரத் தியானப் பகுதி: உபாகமம் 26:1–11

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாருக்கு,



"உங்களுக்குப் பூர்வீகம் எது?" திருப்பனந்தாளைச் சுற்றியுள்ள ஊர்களில் பெண் பார்க்கச் சென்றாலும், துக்கம் விசாரிக்கச் சென்றாலும், இக்கேள்வி எழாமல் பேச்சு முடிவதில்லை. விடை சொல்லும்போது நாம் யாரைச் சொல்லுகிறோம் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? உபதேசியாராக இருந்த கொள்ளுப் பாட்டனாரைச் சொல்லுகிறோம். மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்தவரைச் சொல்லுகிறோம். இரண்டு மா நிலம் வைத்திருந்தவரையும் மறவாமல் சொல்லுகிறோம். பண்ணையில் ஆளாக இருந்தவரையும், கடனுக்குத் தப்பி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவரையும் சொல்லுவதில்லை. இரண்டு தலைமுறை சொல்லாமல் விட்டால் ஒரு மனிதர் குடும்பத்திலிருந்தே அழிந்துபோகிறார்.

இவ்வார வேதப்பகுதி இதற்கு நேர்மாறான ஒழுங்கை விதிக்கிறது. முதற்பலனைக் கூடையில் வைத்துக் கொண்டுவருகிற விவசாயி, ஆசாரியனுக்கு முன்பாக நின்று சில வார்த்தைகளைச் சொல்லியாக வேண்டும். தன் தகப்பன் வாழ வழியின்றி அலைந்தவன் என்றும், சிறு கூட்டமாய் எகிப்துக்குப் போய் அங்கே அடிமை வேலை செய்தவர்களின் வழிவந்தவன் தான் என்றும் அவன் வாய்விட்டு அறிக்கையிட வேண்டும். சொந்த நிலமும் சொந்த விளைச்சலும் உள்ளவனுக்கே இந்த அறிக்கை கட்டளையிடப்பட்டிருக்கிறது. களஞ்சியம் நிறைந்த நாளில் பட்டினி கிடந்த பாட்டனை நினை என்பதே அதன் பொருள். ஆகவே இவ்வாரம் உங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே: உங்கள் குடும்பத்தின் மிக ஏழ்மையான முன்னோரைத் தேடுங்கள். அவருடைய பெயரைக் கண்டுபிடித்து எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஏழையின் பெயரை எங்கே தேடுவது? செல்வரின் பெயர் கல்வெட்டிலும் பட்டயத்திலும் பத்திரத்திலும் இருக்கும். ஏழையின் பெயர், அவனைக் கணக்கில் வைக்க வேண்டிய தேவை பிறருக்கு ஏற்பட்ட இடத்தில் மட்டுமே இருக்கும். இங்கிலாந்தில் 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்துக்குப் பின், உதவி கேட்டு வந்தவர்களை "ஒர்க்ஹவுஸ்" எனப்பட்ட ஏழையர் விடுதிகளில் சேர்த்தார்கள். கணவனை ஒரு பகுதியிலும், மனைவியை வேறு பகுதியிலும், பிள்ளைகளைத் தனியாகவும் வைத்து, வேலை வாங்கி உணவளித்தார்கள். உள்ளே வந்தவரின் பெயர், வயது, தொழில், வந்த நாள், போன நாள் ஆகியவற்றைப் பேரேட்டில் எழுதினார்கள். அவமானத்தின் அடையாளமாக இருந்த அந்தப் பேரேடுகளையே அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்று ஆவணக் காப்பகங்களில் தேடிப் படிக்கிறார்கள்.

நம் நாட்டில் அப்படிப்பட்ட ஏழையர் சட்டம் இருந்ததில்லை. சென்னையில் 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம் உண்டு. அதன் வழிவந்த ஸ்டான்லி மருத்துவமனையை முதியவர்கள் "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்று அழைத்தது அதனால்தான். நம் தஞ்சைச் சீமையிலும் சத்திரங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அன்னமிடுகையில் பெயர் கேளாதிருப்பதே இம்மண்ணில் அறமாக எண்ணப்பட்டது. அது நல்ல அறம்; எனினும் உண்டவர் யாரென்று நமக்குத் தெரியாமற் போயிற்று.

காவிரிப் படுகையின் நிலக் கணக்குகளும் உதவுவதில்லை. அவற்றில் மிராசுதாரின் பெயர் உண்டு, பயிரிட்ட குடியானவரின் பெயர் சில வேளை உண்டு. சேற்றில் இறங்கி நாற்று நட்டவரின் பெயர் இல்லை. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமைத்தனத்துக்குச் சட்டத்தின் துணை இல்லை என்று அறிவித்த பிறகும் பண்ணையாள் முறை இங்கே நீடித்தது. தஞ்சைப் பண்ணையாளுக்கென்று ஒரு பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு 1952ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நூறாண்டுக்கும் மேலாக இம்மாவட்டத்தின் நெல்லை விளைவித்தவர்கள் அதன் ஏடுகளில் பெரும்பாலும் பெயரற்றவர்களாகவே இருந்தார்கள்.

ஆயினும் இரண்டு ஏடுகளில் அவர்களைக் காணலாம். ஒன்று கப்பல் ஏடு, மற்றொன்று திருச்சபையின் ஞானஸ்நான ஏடு.

முதலில் கப்பல் ஏட்டைப் பார்ப்போம். 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் 342 பேர் இருந்தனர். 1911 வரை இப்படி நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். ஐந்து ஆண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் செல்ல வேண்டும் என்பது விதி. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அங்க அடையாளம், வேலைக்கு அனுப்பப்பட்ட தோட்டம் ஆகியவை வரிசையாக எழுதப்பட்டன.

எதற்காக இத்தனை விவரம்? ஓடிப்போனால் பிடிப்பதற்காக. காலில் உள்ள தழும்பைக் குறித்துக்கொண்ட எழுத்தருக்கு அத்தழும்பு எப்படி வந்தது என்பதில் அக்கறையில்லை. ஆனால் இன்று அந்த வரியைப் படிக்கும் கொள்ளுப் பேத்திக்கு, தன் முன்னோரின் உடலைப் பற்றித் தெரிந்த ஒரே செய்தி அத்தழும்புதான். உடைமையாளரின் வசதிக்காக எழுதப்பட்டது, உறவினரின் கண்ணீருக்கு உரியதாக மாறிவிட்டது. ஒடுக்குகிறவர்களின் கணக்கையும் ஆண்டவர் தம்முடைய பிள்ளைகளுக்குச் சாட்சியாக்க வல்லவர் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இந்த நேட்டால் ஏடுகள் டர்பனிலுள்ள காந்தி–லுதுலி ஆவண மையத்தின் வழியாக இணையத்தில் கிடைக்கின்றன. மொரீசியசுக்குச் சென்றவர்களின் ஏடுகள் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. 1903 முதல் சென்னையிலிருந்து பிஜித் தீவுகளுக்குச் சென்றவர்களின் குடியேற்றச் சீட்டுகள் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கங்காணிகளின் வழியாக மலேயாவுக்கும் இலங்கைக்கும் சென்றவர்களைப் பற்றி இத்தனை விரிவான ஆள் பதிவு கிடைப்பது அரிது. அவர்களைக் குறித்து வீட்டு முதியோரின் நினைவே பெரும்பாலும் நமக்கு ஏடு.

தேட முற்படுகிறவர்களுக்குச் சில குறிப்புகள் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, நம் பெயர்களை எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். பிரெஞ்சுக் குடியேற்றமான குவாதலூப் தீவில் நம் மக்களின் குடியுரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடி வென்றவரின் பெயர் ஆன்றி சிதாம்பரோம். அக்குடும்பப் பெயர் கொள்ளிடத்துக்கு அக்கரையிலுள்ள சிதம்பரம் என்பதைக் காது உடனே கண்டுகொள்ளும். கண்ணால் தேடினால் தவறிப்போகும். ஆகவே பெயரை உரக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது, இன்று நாம் இருப்பது திருவிடைமருதூர் வட்டம். ஆனால் பழைய ஏட்டில் அப்பெயரில் தாலுகா இராது. கும்பகோணம், மாயவரம், சீர்காழி, நன்னிலம் ஆகிய பெயர்களில் தேட வேண்டும். மூன்றாவது, நல்லூர், மங்கலம், குடி என்று முடியும் ஊர்கள் இங்கே எத்தனையோ உண்டு. ஊர்ப் பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் உறவு முடிவாகிவிடாது. தகப்பன் பெயரும் வயதும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

நான்காவது குறிப்பு சற்று நின்று சிந்திக்க வேண்டியது. நேட்டால் ஏட்டில் சாதியை எழுதும் கட்டத்தில், சிலருக்கு நேராகச் சாதிப் பெயர் இல்லை. "கிறிஸ்தவர்" என்று மட்டும் இருக்கிறது. ட்ரூரோ கப்பலின் முதற் பயணத்திலேயே அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். "நீ என்ன சாதி?" என்று எழுத்தர் கேட்டபோது அவர்கள் தந்த விடையாகவே அது இருக்க வேண்டும். கையில் காசில்லை, படிப்பில்லை, திரும்பி வருவோம் என்ற நிச்சயமில்லை. அந்நிலையில் தங்களை எப்படி அழைக்க வேண்டும் என்பதை மட்டும் அவர்கள் சொன்னார்கள்.

இனித் திருச்சபையின் ஏட்டுக்கு வருவோம். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும் புளூச்சோ ஐயரும், 1707 மே 12 அன்று முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்தது ஐந்து பேருக்கு. அவர்கள் டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். இந்நாட்டில் நம் சீர்திருத்தத் திருச்சபையின் உறுப்பினர் வரிசை அடிமைகளிலிருந்து தொடங்குகிறது என்பதை ஒவ்வொரு திடப்படுத்தல் வகுப்பிலும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். மிராசுக் கணக்கில் இடமில்லாத மனிதர் ஒருவரும் அவர் மனைவியும் பிள்ளையும், நாள் குறித்து, பெயர் சொல்லி, சாட்சிகளின் பெயரோடு எழுதப்பட்டது ஞானஸ்நான ஏட்டில்தான்.

ஆனால் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். நம் சபைகளிலும் சாதி பார்க்கப்பட்டது. கோயிலில் தனித்தனி இடங்களில் அமர்ந்தார்கள். 1833இல் பேராயர் தானியேல் வில்சன் சாதி வேற்றுமை திருச்சபையில் இருக்கலாகாது என்று எழுதியபோது, தஞ்சைச் சபைகளில் அதை எதிர்த்துப் பலர் விலகினார்கள். ஊரில் நிலமும் கோயிலில் இருக்கையும் உள்ளவர்கள் விட முடியாததை, கப்பலில் எண்ணாக மாறியவர்கள் விட்டுவிட்டார்கள்! நம் பூர்வீகத்தில் பெருமைப்பட ஏதாவது உண்டென்றால் அந்தக் கூலிகளின் விடைதான் என்பது என் எண்ணம்.

இங்கே சிலர் என்னை மறுக்கக்கூடும். "ஐயா, பழைய புண்ணைக் கிளறுவானேன்? பாட்டனார் கூலியாகப் போனார் என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கு என்ன நன்மை? திருமணப் பேச்சில் இடையூறுதானே வரும்?" என்பது ஒரு மறுப்பு. "பூர்வீகம் தேடப் புறப்பட்டால் அது சாதி தேடுவதில் போய் முடியும்" என்பது மற்றொன்று. இரண்டும் பொருளற்றவை என்று நான் சொல்லமாட்டேன்.

இரண்டாம் மறுப்புக்கு வேதத்திலேயே எச்சரிக்கை உண்டு. பாபிலோனிலிருந்து திரும்பியவர்களில் சில குடும்பத்தார் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடியும் காணாததினால் ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டார்கள் என்று எஸ்றா 2:62 சொல்லுகிறது. பதிவேடு வேலியாகவும் மாறக்கூடும். ஆகையால், எந்தச் சாதி என்று அறிவதற்காகத் தேடுகிறவர் இப்பணியைத் தொடங்காதிருப்பதே நல்லது. எந்த நுகத்தின்கீழ் இருந்தார், யார் கைகொடுத்தார், எதை நம்பி வாழ்ந்தார் என்று அறிவதற்காகத் தேடுங்கள். மத்தேயு எழுதிய வம்ச வரலாற்றைப் பாருங்கள். பிறர் வயலில் சிந்திய கதிர் பொறுக்கிப் பிழைத்த அந்நிய விதவை ரூத்தின் பெயர் அதில் இருக்கிறது. சுவிசேஷகர் அதை மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை.

முதல் மறுப்புக்கு என் விடை இது. மறைத்தல் யாருடைய மானத்தைக் காக்கிறது? ஏமாற்றிக் கப்பலேற்றிய ஆள்கட்டிகளின் மானத்தையும், கூலியைப் பிடித்துக்கொண்ட தோட்டக்காரரின் மானத்தையும் அது காக்கிறது. உழைத்தவருக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. 1894இல் பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி, எசமானன் அடித்ததில் முன்பற்கள் உடைந்து, வாயில் இரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி டர்பனில் காந்தியடிகளின் முன் வந்து நின்றார். வெட்கப்பட வேண்டியவர் அவரல்லர். காந்தியடிகள் தம் வரலாற்றில் அவர் பெயரை எழுதியதால் அவரை நாம் அறிகிறோம். தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை, சிறையில் நோயுற்று 1914 பிப்ரவரி 22 அன்று தம் பதினாறாம் வயதில் உயிர்நீத்தார். அவரையும் அறிகிறோம். ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற மற்றவர்களில் பெரும்பாலோர் எண்களாகவே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயரைத் திருப்பிக் கொடுக்கக்கூடியவர்கள் அவர்களுடைய சந்ததியாரும் அவர்களை ஈன்ற ஊர்களும் அன்றி வேறு யார்?

யாத்திராகமத்தின் முதல் அதிகாரம், எபிரெயப் பிள்ளைகளைக் காப்பாற்றிய மருத்துவச்சிகளின் பெயர்களைச் சிப்பிராள், பூவாள் என்று சொல்லுகிறது. அவர்களுக்குக் கட்டளையிட்ட பார்வோனின் பெயரைச் சொல்லவில்லை. லூக்கா 16ஆம் அதிகாரத்தில் வாசலில் கிடந்த தரித்திரனுக்குப் பெயர் உண்டு, விருந்துண்ட ஐசுவரியவானுக்குப் பெயர் இல்லை. நம் ஊர் நிலக் கணக்குக்கும் வேதத்தின் கணக்குக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

பிரியமானவர்களே, கேட்பதோடு நில்லாமல் செய்யவும் வேண்டும். மூன்று காரியங்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, எண்பது வயதைக் கடந்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த மாதத்திற்குள் அவர்கள் அருகில் ஒரு மாலை உட்காருங்கள். "நம் குடும்பத்தில் அக்கரைக்குப் போனவர் யார்? திரும்பாதவர் யார்?" என்று கேளுங்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர், ஏறிய துறைமுகம் ஆகிய நான்கையும் குடும்ப வேதாகமத்தின் முன்பக்கத்தில் எழுதுங்கள்.

இரண்டாவது, நம் சபைகளின் பழைய ஞானஸ்நான, திருமண, அடக்க ஏடுகள் கரையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகாதபடி படியெடுத்து வைக்க வேண்டும். வாலிபர் சங்கத்தார் ஒரு கோடை விடுமுறையில் செய்து முடிக்கக்கூடிய பணி இது. தென்னாப்பிரிக்காவிலிருந்தோ பிஜியிலிருந்தோ ஒருவர் கையில் ஒற்றைத் தாளோடு நம் ஊரைத் தேடி வரும்போது, நிலத்தில் பங்கு கேட்க வந்தாரோ என்று அஞ்சி வாய்மூடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அவர் கேட்பது பெரும்பாலும் ஒரு தெருவின் பெயர், ஒரு மரத்தின் நிழல், ஒரு கல்லறை. ஏட்டைத் திறந்து காட்டுங்கள். ஒரு வேளை உணவு கொடுத்து அனுப்புங்கள்.

மூன்றாவது, நம் கண்முன் இருப்பவர்களைக் குறித்தது. நம் சேகரத்து இளைஞர்கள் இன்றும் வளைகுடாவுக்குப் போகிறார்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் கடவுச்சீட்டுக்குத் தனி முத்திரையும் தனி அனுமதியும் இன்றும் உண்டு. 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் அவர்களைக் காக்கவென்றே இயற்றப்பட்டது. ஆயினும் முகவரிடம் ஏமாறுகிறவர்கள் குறையவில்லை. அவர்கள் போகுமுன் ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டுவதும், வேலைகொடுப்பவரின் பெயரையும் முகவரியையும் சபையில் எழுதி வைப்பதும் குருமனையின் கடமை என்று கருதுகிறேன். அதேபோல, நம் வயல்களில் இப்போது நாற்று நடுவதற்கு வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் குழுக்களாக வருகிறார்கள். ஏக்கருக்கு எவ்வளவு என்று பேசி, கூலியைக் குழுத் தலைவர் கையில் கொடுக்கிறோம். அவர்களில் ஒருவரின் பெயராவது நமக்குத் தெரியுமா? நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் நேட்டாலின் கரும்புத் தோட்டத்தில் நம் பாட்டனார் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். தோட்டத்துச் சொந்தக்காரர் நின்ற இடத்தில் இன்று நாம் நிற்கிறோம்.

உபாகமம் 26இன் பதினோராம் வசனத்தை மறுபடியும் வாசியுங்கள். ஏழைத் தகப்பனை அறிக்கையிட்ட பின், அந்த விளைச்சலின் மகிழ்ச்சியில் ஊரிலுள்ள பரதேசியும் பங்குபெற வேண்டும் என்று ஆண்டவர் சொல்லுகிறார். பாட்டனாரை மறவாதவனுக்கே பரதேசியின் முகம் தெரியும் என்பதால்தான் இவ்விரண்டும் ஒரே பகுதியில் வைக்கப்பட்டிருக்கின்றன என்று நினைக்கிறேன். வருகிற அறுப்பின் பண்டிகைக்கு நெற்கதிரும் வாழைத்தாரும் கொண்டுவருகிறபோது, ஒரு தாளில் இரண்டு பெயர்களையும் எழுதிக் காணிக்கையோடு வையுங்கள்: உங்கள் குடும்பத்தின் ஏழை முன்னோர் ஒருவரின் பெயர், இந்த ஆண்டு உங்கள் வயலில் நாற்று நட்ட ஒருவரின் பெயர். இரண்டையும் அன்றைய ஜெபத்தில் வாசிப்போம்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் ஆயர்